மூச்சு விடுவதும் மூச்சு முட்டுவதும்

பதினோராவது டேக்கில் என் இரண்டு கைகளிலும் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒட்டிக்கொள்ள, மற்ற நான்கும் குவிந்து விறைத்து நின்றன. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் தம்பி, "சூப்பர்க்கா, இதுதான் வேணும்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பதிலுக்குக் காட்ட என்னிடம் கட்டைவிரல் இல்லை.

நான் ஒலிப்புத்தகம் வாசிப்பவள். ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. அன்றைய கதையில் ஒருத்தி வெகுதூரம் ஓடிவந்து, கதவைத் தட்டி, மூச்சிரைக்க இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறாள். முதல் டேக்கில் இரைப்பு போதவில்லை. இரண்டாவதில் இரைப்பு சரி, வசனம் புரியவில்லை. மூன்றாவதில் நாற்காலி கிறீச்சிட்டது. இப்படியே போய், கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஓடாமல் ஆடாமல் உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டக்காரியின் மூச்சை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலை சுற்றியது. மாரடைப்பு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தம்பிதான் வண்டியில் உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். இசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். (வழக்கமாக முழங்கை மடிப்பில் எடுப்பது மாதிரி இல்லை, நன்றாகவே வலிக்கும்.) அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் செறிவு 100 சதவீதம். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 24; இருக்கவேண்டியது 35 முதல் 45 வரை. ரத்தத்தின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7.56 (எண் கூடினால் காரம்); இருக்கவேண்டியது 7.35 முதல் 7.45 வரை.

பணியில் இருந்த டாக்டருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். "என்ன செஞ்சிட்டிருந்தீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். "நீங்க நடிச்சீங்க, சரி. ரத்தத்துக்கு அது நடிப்புன்னு தெரியாதே."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நிஜமாகவே ஓடுகிறவளின் கால் தசைகள் கார்பன் டை ஆக்சைடைக் கொத்துக்கொத்தாக உற்பத்தி செய்யும். அதை வெளியேற்றத்தான் அவளுக்கு இரைக்கிறது. வரவும் செலவும் சமமாக இருப்பதால் ரத்தத்தில் அதன் அளவு பெரிதாக மாறாது. நான் ஓடவில்லை, எனவே வரவு இல்லை. செலவு மட்டும் ஓட்டக்காரியின் செலவு. இருப்பு கரைந்துவிட்டது. இந்த வாயு ரத்தத்தில் கரைந்து அமிலமாக இருப்பது. அது குறைந்தால் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும். சாய்ந்தால் ரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும் கால்சியத்தில் ஒரு பகுதியைப் புரதங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். சுதந்திரக் கால்சியம் குறைந்தால் நரம்புகள் யாரும் சொல்லாமலே துடிக்கத் தொடங்கும். அதுதான் எறும்பு, அதுதான் மடங்கிய விரல். தலைசுற்றலுக்குக் காரணம் வேறு: கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஆக நூறு சதவீத ஆக்சிஜனை ரத்தத்தில் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட நான்கைந்து மடங்கு மூச்சும் விட்டு, மூளைக்குப் போகிற ரத்தத்தை நானே குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேப்பர் பைக்குள் மூச்சு விடச்சொல்வார்களே என்று கேட்டேன். இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லையாம். ஆஸ்துமாவோ, மாரடைப்போ, நுரையீரலில் ரத்தக்கட்டியோ இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அவர்கள் முகத்தில் பையை வைத்தால் விபரீதமாகிவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்து அவரே மெதுவாக மூச்சு விட்டுக் காட்டினார். உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக. கால் மணி நேரத்தில் விரல் ஒவ்வொன்றாக விரிந்தது.

அன்றிலிருந்து மூச்சைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வருடம் மூச்சை விற்றுச் சம்பாதித்தவளுக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்பது கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

முதலில் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு, சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது விநாடியில் நெஞ்சு கனத்தது. ஐம்பதில் தொண்டை முட்டியது, வயிறு தானாக உதறியது. ஐம்பத்திரண்டில் விட்டுவிட்டேன். செத்துப்போகிறோம் என்று உடம்பு முழுக்கக் கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கருவி காட்டிய எண் 98. விரல்நுனிக்குச் செய்தி வந்துசேரத் தாமதமாகும் என்று அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். 96 வரை இறங்கி, மறுபடி ஏறிவிட்டது. அவ்வளவுதான். ஆக்சிஜன் எங்கேயும் தீர்ந்துபோகவில்லை.

அப்படியானால் முட்டியது எது? வெளியே போகமுடியாமல் உள்ளே சேர்ந்ததுதான்.

இந்த இடத்தில் நம் மொழியை நினைத்து எனக்கு வியப்பாக இருந்தது. நாம் மூச்சு 'விடுகிறோம்'. உள்ளே எடுப்பதும் அதில் சேர்த்திதான், ஆனால் பெயர் விடுவதற்கு. 'மூச்சு விட நேரமில்லை' என்கிறோம், எடுக்க நேரமில்லை என்று யாரும் புலம்பி நான் கேட்டதில்லை. திணறும்போது மூச்சு 'முட்டுகிறது'. வயிறு முட்டச் சாப்பிடுவோம்; காலி வயிறு முட்டாது. மூச்சுத்திணறல் என்பது காற்று தீர்ந்த வெறுமை என்றுதான் ஒன்பது வருடமும் நினைத்து வாசித்தேன், அப்படித்தான் குரலிலும் காட்டினேன். அது நிறைவின் அவதி என்று வார்த்தை சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

இதை ஆய்வகத்தில் உறுதியாகக் காட்டியவர்கள் பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் பிரீஸ்ட்லியும். ஆண்டு 1905. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். அதில் கார்பன் டை ஆக்சைடின் அளவு அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. அதைத் துளி கூட்டினால் போதும், மூச்சு பலமாகிவிடும். ஆக்சிஜனைக் குறைத்தாலோ, வெகுவாகக் குறையும்வரை உடம்பு கண்டுகொள்ளவே இல்லை. ஹால்டேன் மூடிய பெட்டிக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு காற்றைக் கெடுத்துப் பார்த்த மனிதர். சுரங்கத்துக்குள் கனேரிக் குருவியைக் கொண்டுபோங்கள் என்று சொன்னவரும் இவர்தான். விஷவாயுவை மனிதனுக்கு முன் குருவி உணர்ந்துவிடும். மனிதனுக்கு அந்த உணர்வு இல்லை என்பதை அவர் அனுபவித்தே தெரிந்துகொண்டவர்.

அந்த உணர்வு இல்லாததன் கொடூரம் அதற்கு முப்பது வருடம் முன்பே வானத்தில் நடந்திருக்கிறது. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள்: காஸ்டன் டிசாண்டியே, சிவெல், குரோசே-ஸ்பினெல்லி. கையோடு ஆக்சிஜன் கலந்த காற்றுப் பைகளும் இருந்தன. தேவைப்படும்போது சுவாசித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். 8,000 மீட்டர் உயரத்துக்குப் போனபோது தேவை வந்தது, ஆனால் வந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த உயரத்தில் மூச்சு முட்டவில்லை. கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. கை மட்டும் தூக்க வரவில்லை. வேதனை எதுவும் இல்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் இருந்தது என்று டிசாண்டியே பிறகு எழுதினார். எழுத மிஞ்சியது அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் பலூன் இறங்கும்போது உயிரோடு இல்லை.

படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூச்சு முட்டுவதை அதுவரை எதிரியாகத்தான் நினைத்திருந்தேன்.

சரி, இந்த அளவையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது யார்? மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே, பிடரிக்கு உள்ளே இருக்கும் முகுளம். அதன் அடிப்பரப்பில் இருக்கும் செல்கள், மூளையைச் சுற்றியுள்ள நீரில் அமிலம் கூடுகிறதா என்று ஓயாமல் ருசி பார்த்துக்கொண்டிருக்கின்றன. ரத்தத்திலிருக்கும் அமிலம் நேரடியாக அந்த நீருக்குள் நுழைய முடியாது, மூளையின் காவல் தடுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு மட்டும் எளிதாக நுழைந்து, உள்ளே போய் அமிலமாக மாறும். ஆக்சிஜனைப் பார்க்கவும் ஆள் உண்டு. கழுத்தின் இரு பக்கமும், தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில், அரிசி மணி அளவுக்கு ஒரு சிறு உறுப்பு. இதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் கார்னேய் ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு. ஆனால் ஆக்சிஜன் விஷயத்தில் இந்தக் காவலாளி கொஞ்சம் சோம்பேறி. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சாதாரணமாக 100க்குப் பக்கத்தில் இருக்கும். 60க்குக் கீழே இறங்கினால்தான் இது உரக்கக் கத்தத் தொடங்கும்.

தாளம் போடுகிறவர் வேறொருவர். முகுளத்துக்குள்ளேயே சில ஆயிரம் நரம்பு செல்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சு. மூச்சுக்கான இடம் முகுளத்தில்தான் இருக்கிறது என்று பிரெஞ்சு மருத்துவர் லெகல்வா முயல்களை வைத்துக் காட்டி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் தாளத்தின் சரியான இடத்தை ஜெஃப்ரி ஸ்மித்தும் ஜாக் ஃபெல்ட்மனும் சகாக்களும் அடையாளம் காட்டியது 1991இல். அதன் பெயர் பிரீ-பாட்ஸிங்கர் காம்ப்ளெக்ஸ். யாரோ பாட்ஸிங்கர் என்ற பெரிய விஞ்ஞானி என்று மரியாதையோடு தேடினேன். ஒயின் பெயர்! 1978இல் ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கின்போது மேசையில் இருந்த பாட்டிலின் லேபிளைப் பார்த்து ஃபெல்ட்மன் பக்கத்துப் பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தார். அதை ஒட்டியே இருக்கும் இதற்கு 'பிரீ' சேர்ந்துகொண்டது. பிறந்த நொடியிலிருந்து நம்மை உயிரோடு வைத்திருக்கும் முடிச்சுக்கு இப்படி ஒரு பெயர்.

பெருமூச்சும் இங்கிருந்துதான் வருகிறதாம். பெருமூச்சு என்றால் சோகம், ஏக்கம் என்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் சும்மா இருக்கும்போதுகூட ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஒன்று விடுகிறோம். நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேலான நுண்ணறைகள் இருக்கின்றன. அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் அவற்றில் சில மெல்ல மெல்லச் சுருங்கி மூடிக்கொள்ளும். ஒரு மூச்சின் மேலேயே இன்னொரு மூச்சு எடுத்து அவற்றை ஊதித் திறப்பதுதான் பெருமூச்சு. நம்பிக்கை வராமல், வெட்டாத என் பழைய ரெக்கார்டிங் ஒன்றைத் தம்பியிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. பத்தி முடியும் இடங்களில், நான் விட்டதே எனக்குத் தெரியாமல். "இதெல்லாம் எத்தனை வருஷமா வெட்டிட்டிருக்கேன் தெரியுமா" என்றான்.

மூச்சை வெட்டுவது அவன் வேலையில் பாதி. அலைவடிவத்தைப் பார்த்தே இது மூச்சு, இது 'ஸ' என்று சொல்லிவிடுவான். அவன் எனக்கு முன்பே கண்டுபிடித்துவைத்திருந்த ஒன்றை இப்போதுதான் சொன்னான்: நீளமான வாக்கியத்துக்கு முன்னால் என் மூச்சும் நீளமாக இருக்கிறதாம். அதாவது வாய் திறப்பதற்கு முன்பே வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று கண் பார்த்துவிடுகிறது, உள்ளே யாரோ கணக்குப் போட்டுக் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். நான் திட்டமிட்டுச் செய்ததே இல்லை. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் நேரம் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பேசும்போது அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், மிச்சம் முழுக்க வெளியே விடுவதுதான். பேச்சே விடுகிற மூச்சில்தானே இருக்கிறது.

உடம்பின் மற்ற உள்வேலைகள் எதிலும் நமக்கு இந்த உரிமை இல்லை. இதயத்தை ஒரு துடிப்பு பொறு என்று சொல்ல முடியாது. மூச்சுக்கு மட்டும் இரண்டு முதலாளிகள். பெருமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக ஒரு பாதை, முகுளத்திலிருந்து இன்னொரு பாதை. இரண்டும் கடைசியில் ஒரே தசையைத்தான் ஏவுகின்றன. முகுளம் பழுதாகாமல் மேல்பாதை மட்டும் அறுந்துபோன நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களால் மூச்சு விடமுடியும், ஆனால் "ஆழமா மூச்சு எடுங்க" என்றால் முடியாது. தலைகீழாக, முகுளத்தின் தாளம் தூக்கத்தில் தளர்ந்துவிடும் ஒரு பிறவிக் குறையும் உண்டு. விழித்திருக்கும்வரை ஓரளவு சமாளிப்பார்கள். தூங்கினால் மூச்சு போதாது. ஒவ்வொரு இரவும் வென்டிலேட்டர் வேண்டும். பாக்ஸ்2பி என்ற மரபணுவில் இருக்கும் மாற்றம்தான் பெரும்பாலும் காரணம் என்று 2003இல் கண்டுபிடித்தார்கள். தூங்கினால் மூச்சு நின்றுபோகும்படி கணவனைச் சபித்த ஒரு நீர்த்தேவதையின் பெயரால் இதைச் சாபம் என்று மருத்துவர்கள் அழைத்துவந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஒரு எழுத்துப்பிழைக்குச் சாபம் என்று ஏன் பெயர்?

தசை என்று சொன்னது உதரவிதானத்தை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த குடைபோல இருக்கும். அது இறுகினால் தட்டையாகிக் கீழே இறங்கும், விலா எலும்புகள் கொஞ்சம் மேலெழும்பும், நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு கூடும், உள்ளே அழுத்தம் குறையும், காற்று தானாக வந்து விழும். நாம் காற்றை இழுப்பதில்லை, இடம்தான் தருகிறோம். அமைதியாக இருக்கும்போது வெளியே விடுவதற்கு எந்தத் தசையும் உழைக்க வேண்டாம். நீட்டிய ரப்பர் சுருங்குவதுபோல நுரையீரலே சுருங்கிக்கொள்ளும். விட்டால் போதும். ஒரு தடவைக்கு சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே நின்று திரும்பிவிடும், நுண்ணறைகளைத் தொடுவதே இல்லை. மேலோட்டமாக வேகமாக இரைப்பதில் பலன் குறைவது இதனால்தான்.

எனக்கு விளங்காமல் இருந்தது, வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தசைக்கு நரம்பு கழுத்திலிருந்து ஏன் வரவேண்டும் என்பது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கழுத்து நரம்புகள் சேர்ந்து, இதயத்தை ஒட்டி இறங்கி அங்கே போகின்றன. கழுத்தின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு மூச்சே நின்றுவிடும் ஆபத்து இந்த நெடும்பயணத்தால்தான். காரணம் கருவில் இருக்கிறது: உதரவிதானம் உருவாகத் தொடங்குவதே கழுத்துப் பக்கத்தில். பிறகு அது கீழே இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பழைய வீட்டிலிருந்தே கம்பி இழுத்த கதை.

நீச்சல் குளத்தில் நான் ஒருமுறை வாங்கிய திட்டுக்கும் இப்போதுதான் பொருள் தெரிந்தது. நாற்பது வயதில் நீச்சல் கற்கப் போனவள் நான். தண்ணீருக்கடியில் குளத்தின் முழு நீளமும் போகவேண்டும் என்று ஆசைப்பட்டு, முங்குவதற்கு முன் இருபது தடவை வேகமாக மூச்சு விட்டுக்கொண்டேன். மாஸ்டர் கரையிலிருந்து கத்தினார்: "சாகறதா இருந்தா வேற குளத்துல போய்ச் சாகும்மா!" அவ்வளவு பேர் முன்னால். அவர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. வேகமாக மூச்சு விடுவதால் ஆக்சிஜன் சேமிப்பு பெரிதாகக் கூடுவதில்லை, முன்பே ரத்தம் கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. காலியாவது கார்பன் டை ஆக்சைடு மட்டும். அது மறுபடி சேர்ந்து 'மூச்சு விடு' என்று மணியடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே நினைவு போய்விடும். ஜெனித் பலூனில் நடந்ததுதான் குளத்திலும் நடக்கும், முட்டவே முட்டாது. மணியைக் கழற்றிவிட்டு வீட்டைக் காவல் காப்பது மாதிரி. நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

மணி எவ்வளவு பலமானது என்பதற்கு 2013இல் வெளியான ஓர் ஆய்வு. மூளையில் அமிக்டலா என்ற பகுதி இரண்டு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண். அவருக்குப் பயம் என்பதே தெரியாது. பாம்பு, சிலந்தி, கத்தி எதற்கும் அஞ்சாதவர். 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு கொடுத்தார்கள். முகமூடியைப் பிடுங்க முயன்று, பீதியில் உறைந்துபோனார்.

ஆனால் முட்டுவது முழுக்க இந்த வாயுவின் கணக்கு மட்டும்தான் என்று முடித்துவிடவும் முடியாது. 1954இல் ஃபௌலர் என்பவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இனி முடியாது என்ற கட்டம்வரை மூச்சைப் பிடிக்கச் சொன்னார். அந்த நொடியில் நல்ல காற்றைத் தராமல், ஆக்சிஜன் 8 சதவீதமும் கார்பன் டை ஆக்சைடு 7.5 சதவீதமும் கலந்த காற்றைச் சில மூச்சு விடவைத்தார். அதனால் ரத்தத்துக்கு ஒரு லாபமும் இல்லை. இருந்தும் அவர்கள் ஆசுவாசமடைந்து, இன்னொரு தடவை மூச்சைப் பிடித்தார்கள். உதரவிதானம் அசைந்தது, நெஞ்சு விரிந்து சுருங்கியது, அதுவே பாதித் திணறலைத் தீர்த்துவிட்டது. மூச்சைப் பிடித்து நிற்கும் முக்குளிப்பவர்களுக்கு வயிறு உதறுவது இந்தத் தசையின் கெஞ்சல்தான். அதைத் தாங்கப் பழகியவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள்: 2009இல் பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சுட் 11 நிமிடம் 35 விநாடி. நான் 52 விநாடி.

இதையெல்லாம் படிக்கும்போது என் தங்கை மகள்தான் நினைவில் வந்துகொண்டே இருந்தாள். முப்பத்தோராவது வாரத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகல நெஞ்சு, எண்ணமுடியாத வேகத்தில் மூச்சு. திடீரென்று நின்றுபோகும். மானிட்டர் அலறும். நர்ஸ் ஓடிவராமல் நடந்துவந்து பாதத்தில் சுண்டுவார், "பாப்பா, மூச்சு விடும்மா" என்பார், அவளும் ஞாபகம் வந்தவள்போல விடுவாள். குறைமாதக் குழந்தைகளின் முகுளம் இன்னும் முழுதாகப் பழுக்காமல் இருப்பதால் இப்படி நின்றுபோகும்; இருபது விநாடி தாண்டினால் அதைக் கவலைக்குரியதாக எண்ணுவார்கள். மருந்து என்ன தெரியுமா? கேஃபீன். நிஜமான கேஃபீன்தான், முகுளத்தைத் தட்டி எழுப்ப. தங்கை அந்த வாரம் முழுக்கச் சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பிறந்தவுடன் அவளுடைய மூச்சுக்குழாய் வழியாக ஒரு மருந்தும் விட்டார்கள், சர்ஃபாக்டன்ட். நுண்ணறைகளின் உள்பூச்சு ஈரமானது. ஈரத்தின் இழுவிசையால் அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சோப்பு மாதிரி ஒரு பொருளைப் பூசி உடம்பு அதைத் தடுக்கிறது. கருவின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கும். குறைமாதக் குழந்தைகள் அது இல்லாமல்தான் திணறுகிறார்கள் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் கண்டறிந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் இதே குறையால் இரண்டே நாளில் இறந்துபோனான். காரணம் தெரிந்திருந்தது, கையில் மருந்து இல்லை. அதே குறையோடு வந்த எங்கள் பெண்ணுக்கு ஒரு சிறு குப்பி இருந்தது. இப்போது ஆறு வயது. மூச்சு விடாமல் பேசுகிறாள்.

அந்தக் காட்சியை எப்படி முடித்தோம் என்று சொல்லவேண்டும். டாக்டர் ஒரு வாரம் கழித்து ரெக்கார்டிங்குக்குப் போகலாம் என்றார், ஆனால் தொடர்ந்து இரைக்கக் கூடாது. தம்பி ஒரு வழி செய்தான். முதலில் வசனத்தை மட்டும், இரைப்பு இல்லாமல், திக்கித் திக்கி வாசித்தேன். பிறகு இரைப்பை மட்டும் நான்கு நான்கு விநாடித் துண்டுகளாகக் கொடுத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு நிமிட இடைவேளை, அவன் கையில் கடிகாரம். மொத்தம் பதினான்கு துண்டு. அவற்றை வசனத்தின் இடுக்குகளில் செருகினான். போட்டுக் கேட்டபோது ஏதோ இடித்தது. ஓடிவந்தவள் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுப்பதற்கே திண்டாடுகிறாள். தம்பியிடம் சொல்லி, இழுக்கிற சத்தத்தையெல்லாம் கொஞ்சம் தணித்து, விடுகிற சத்தத்தை உயர்த்தச் சொன்னேன்.

"இதுக்கும் ரத்தப் பரிசோதனைதான் காரணமா?" என்றபடி ஃபேடரை நகர்த்தினான்.